நியோஷ் சவுண்ட் லெவல் மீட்டர்: ஆசிரியர்களுக்கு உதவும் இலவசச் செயலி

சுற்றியிருக்கும் இரைச்சலை ஃபோனிலேயே அளக்கும் இந்தச் செயலி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இதை இலவசமாகத் தருவது பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம். வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலை (ஒலியை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஆனால் தகரக் கூரை, கடகடக்கும் மின்விசிறி, தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு என்று இருக்கும் நம் பள்ளிகளில் பிள்ளைகள் வாயே திறக்காவிட்டாலும் அது நடக்காது. நியோஷ் கணக்கில் 85 டெசிபல் இரைச்சல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காதுக்கு வரம்பு, 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். அன்றைக்குக் காது வாங்கிய இரைச்சல் இந்த வரம்பில் எத்தனை சதவீதம் என்றே செயலி காட்டுகிறது. விளையாட்டு, இசை ஆசிரியர்கள் அவசியம் அளந்து பாருங்கள். வீட்டுக்கு வந்தபிறகும் காதில் ரீங்காரம் இருந்தால், செயலியோடு நிற்காமல் காது மருத்துவரைப் பாருங்கள். ஐபோனுக்கு மட்டும்தான் வருகிறது, அது பெரிய குறை. அப்புறம் என்ன, ஸ்டாஃப் ரூமில் யாரிடமாவது ஐபோன் இருந்தால் ஒருநாள் கேட்டு வாங்குங்கள்.