தெப்பக்குளத் தண்ணீருக்கு பிளெண்டர்

வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பம் மிதக்கும் காட்சி ஒன்றை முப்பரிமாணக் காட்சிகள் செய்யும் இலவச மென்பொருளான பிளெண்டரில் செய்து பார்த்தேன். அலைக்கு அதிலுள்ள, தட்டையான பரப்பை அலைகளாக மாற்றும் ஓஷன் மாடிஃபையர். முதல் ரெண்டரில், அதாவது கணினி வரைந்து தந்த படத்தில், குளம் நடுக்கடலாகக் கொந்தளித்தது. அது கடலுக்கான கருவி. தொடக்க அளவே காற்று நொடிக்கு 30 மீட்டர், ஆழம் 200 மீட்டர். காற்றை 4க்கும் ஆழத்தை 3க்கும் இறக்கி, அலை உயரத்தையும் குறைத்தேன். அப்புறம் பார்த்தால், மாலைக் காற்றில் சிலிர்க்கும் நம்ம குளமேதான்! மைய மண்டபத்து விளக்குகள் அதில் நீண்டு நெளிந்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஓஷன், கணித அலைகளைக் கூட்டித்தான் பரப்பை உருவாக்குகிறது. வடம் பிடித்துத் தெப்பத்தை இழுக்கும்போது பின்னால் விரியும் நீர்க்கோடு அதில் வராது. அதற்கு 2020இல் 2.82 பதிப்பில் சேர்ந்த, நீரோட்டத்தைக் கணக்கிடும் மான்டாஃபுளோ வேண்டும். தண்ணீரைத் துகள்களாகக் கணக்கிடுகிறது. கல்படியில் மோதினால் தெறிக்கிறது. அதற்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது; அந்த நுணுக்க அளவான ரெசல்யூஷனை 64லிருந்து 128 ஆக்கினால், நீள அகல உயரம் மூன்றிலும் இரட்டித்துக் கட்டங்கள் 8 மடங்கு. என் 16 ஜிபி கணினிக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டது. அதனால் தெப்பத்தைச் சுற்றி மட்டும் அதை வைத்து, மீதிக் குளத்தை ஓஷனுக்கே விட்டேன். கோயில் குளம் செய்ய நினைப்பவர்கள் இப்படியே தொடங்கலாம். இரண்டு நீரும் சேரும் ஓரத்தைத்தான் இப்போது சரிசெய்துகொண்டிருக்கிறேன்.