ஹோவிக் நினைவுத் தலம்: ஐம்பது எஃகுத் தூண்களில் தெரியும் மண்டேலா

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்நோக்கிச் சென்றால் ஹோவிக் வருகிறது. ஊருக்குச் சற்று வெளியே, ஆர்103 சாலையோரத்தில்தான், 1962 ஆகஸ்ட் 5 ஞாயிற்றுக்கிழமை அன்று, கார் ஓட்டுநர் வேடத்தில் நாடக இயக்குநர் செசில் வில்லியம்ஸுடன் ஜோகன்னஸ்பர்க் நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்த நெல்சன் மண்டேலாவைக் காவல்துறையினர் வழிமறித்துக் கைது செய்தனர். சாதாரணமான ஒரு நினைவுக் கல்வெட்டு மட்டுமே இருந்த அந்த இடத்தில், கைதின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2012 ஆகஸ்டில், சிற்பி மார்கோ சியான்ஃபனெல்லியின் எஃகுச் சிற்பம் திறந்து வைக்கப்பட்டது. வரலாற்றுத் தலம் ஒன்றில் பொதுச் சிற்பம் எப்படி அமைய வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் தயக்கமின்றி இந்த இடத்தையே காட்டுவேன்.

லேசரால் வெட்டப்பட்ட ஐம்பது எஃகுத் தூண்கள் புல்வெளியில் நிற்கின்றன. அவை ஆறரை மீட்டர் முதல் ஒன்பதரை மீட்டர் வரை உயரம் கொண்டவை. கட்டடக் கலைஞர் ஜெரமி ரோஸ் வடிவமைத்த பாதை, சரிவில் மெல்ல நம்மை இறக்கி அவற்றின் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. தொடக்கத்தில் கண்ணுக்குப் படுவதெல்லாம் ஒழுங்கில்லாமல் நட்ட கம்பிகள்தான். சுமார் முப்பத்தைந்து மீட்டர் தொலைவை எட்டியதும், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அந்தத் தூண்களின் விளிம்புகள் ஒரே நேரத்தில் பொருந்தி, மேற்கு நோக்கிய மண்டேலாவின் முகமாகின்றன. கொடிமரத்தருகே நின்றால் கருவறை நேராகத் தெரிவதைப் போல, இங்கும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றால்தான் தரிசனம். இரண்டடி விலகினால் நெற்றி கலைகிறது; இன்னும் விலகினால் வாய் போய்விடுகிறது. தூண்களுக்கு இடையே புகுந்து பார்த்தால் முகத்தின் சுவடே இல்லை. ஒரு தூணின் விளிம்பை நான் அருகிலிருந்து பார்த்தேன்: பல் பல்லாக, ஏற்ற இறக்கமாக வெட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு துண்டை மட்டும் பார்க்கிறவருக்கு அது கண்ணா கன்னமா என்று சொல்ல முடியாது.

ஐம்பது என்ற எண்ணிக்கை கைதுக்குப் பின் கழிந்த ஆண்டுகளைக் குறிக்கிறது. அத்துடன், பலர் சேர்ந்தே முழுமை உண்டாகிறது என்பதையும் சிற்பி இவ்வமைப்பில் வைத்திருக்கிறார். செங்குத்தான எஃகு சிறைக் கம்பியையும் நினைவூட்டுகிறது. இத்தனை பொருளும் வெறும் உருவ ஒற்றுமையை நம்பாமல், நிகழ்ந்த இடத்திலிருந்தும் நிகழ்ச்சியிலிருந்தும் முளைத்திருக்கின்றன. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சர்ச் தெருவில் உள்ள காந்தியின் வெண்கலச் சிலையை நான் மதிக்கிறேன். 1893-இல் அந்நகர ரயில் நிலையத்தில் அவர் இறக்கிவிடப்பட்டதன் நூற்றாண்டில் வைக்கப்பட்டது அது. ஆனால் பீடத்தின் மேல் நிற்கும் அந்தச் சிலையைப் பெயர்த்து வேறொரு நகரத்தில் வைத்தாலும் பொருள் பெரிதாகக் குறையாது. ஹோவிக் சிற்பத்தை அப்படிப் பெயர்க்க முடியாது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கைதுக்கு முந்தைய இரவு மண்டேலா டர்பனில், புகைப்படப் பத்திரிகையாளர் ஜி. ஆர். நாயுடுவின் வீட்டில் இருந்தார். நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர் மாண்டி நாயக்கர், இஸ்மாயில் மீர், ஃபாத்திமா மீர், ஜே. என். சிங் ஆகியோர் அங்கே அவரை வரவேற்று வழியனுப்பினர். மண்டேலாவின் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸும் இந்தியக் காங்கிரஸ்களும் சேர்ந்து போராடுவதென்று 1947-இல் அவற்றின் தலைவர்களான டாக்டர்கள் மூவர் செய்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவர் அந்த நாயக்கர். அந்த உறவு தொடர்ந்ததால்தான் அன்றிரவு அவ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. சிற்பத்தில் பலர் இருப்பது எண்ணிக்கையாக மட்டுமே. முகமாகத் தெரிபவர் ஒருவரே. பாதையோரத்தில் இவர்களின் பெயர்களையும் வடிவத்துக்குள் கொண்டுவந்திருந்தால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தத் தூண்களில் ஒன்று தங்களுடையது என்ற உரிமை வந்திருக்கும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினர். அவர்களுக்காக நினைவுச் சின்னம் பற்றிப் பேசும்போதெல்லாம், தலைப்பாகையும் மூட்டையுமாக நிற்கும் ஒரு குடும்பச் சிலைதான் பலர் மனதில் வருகிறது. சிற்பியைத் தேடும் முன், கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் வளர்ந்த முதியவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும்: எந்தப் பொருள் கையில் இருந்தது, எந்த வழியே நடந்தார்கள், கோயிலை எங்கே கட்டினார்கள் என்று. வடிவம் அந்தப் பேச்சிலிருந்து வர வேண்டும். சிறப்பான சிற்பியிடம் வெறும் ஒப்பந்தத்தை மட்டும் கொடுத்தால், அவரால் அழகான ஒன்றைச் செய்ய முடியும். நம்முடைய ஒன்றைச் செய்ய முடியாது.

செல்பவர்களுக்கு: தலத்தில் அருங்காட்சியகமும் உள்ளது. அதை முதலில் பார்த்துவிட்டுப் பாதையில் இறங்குங்கள். தேதிகளும் பெயர்களும் மனதில் இருக்கும்போது அந்த நடை வேறு மாதிரி அமைகிறது. திரும்பும் வழி ஏற்றம் என்பதால் பெரியவர்களை அழைத்துச் செல்வோர் அவசரப்படாமல், இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ள வேண்டும். படம் எடுப்போர் முகம் தெரியும் இடத்தோடு நிறுத்திவிடாமல், பக்கவாட்டிலும் பின்புறமும் போய்ப் பார்க்க வேண்டும். சிற்பியின் உழைப்பு அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.