டான்யூப் கரையா, கான்ஸ்டன்ஸ் ஏரியா?

உள்ளேயே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள கேம்பர்வேனில் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது டான்யூப் ஆற்றங்கரை சைக்கிள் பாதையைத்தான். ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல். ஆற்றோடு இறங்கும் பாதை என்பதால் பெரும்பாலும் சமதளம். முழுவதும் ஓட்ட முடியாவிட்டாலும் மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள வாக்காவ் பள்ளத்தாக்கை விட்டுவிடாதீர்கள். சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள், ஜூலையில் ஆப்ரிகாட் பழங்கள், அப்படியொரு அழகு! ஒரே தொல்லை, பெரியவர்களில் ஒருவர் வேனை அடுத்த முகாமுக்கு ஓட்டிப்போக வேண்டும்.

கான்ஸ்டன்ஸ் ஏரியில் அந்தக் கவலை இல்லை. சுற்றுப்பாதை சுமார் 260 கிலோமீட்டர், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள். வேன் ஓரிடத்திலேயே நிற்கலாம். பிள்ளைகள் சோர்ந்தால் கான்ஸ்டன்ஸ்–மீர்ஸ்பர்க் படகில் சைக்கிளோடு ஏறிவிடலாம். சின்னக் குழந்தை இருந்தால் ஏரிக்கே போங்கள். ஆஸ்திரியப் பகுதியில் 12 வயதுக்குட்பட்டோருக்கு ஹெல்மெட் கட்டாயம்.