ஊட்டி ஸ்டீபன் சர்ச்: கால் மணி நேரம் போதாது

ஊட்டியை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வேன்கள் இங்கே நின்றால் கால் மணி நேரம் நிற்கும். முகப்பில் ஒரு செல்ஃபி, உள்ளே ஒரு சுற்று, அடுத்து தொட்டபெட்டா. இந்த ஆலயத்தின் கதையோ தலைக்கு மேலே இருக்கிறது; அவ்வளவு அவசரத்தில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

உள்ளே போனதும் கண் வெளிச்சக் குறைவுக்குப் பழகட்டும். பிறகு கூரையைப் பாருங்கள். பிரதான உத்தரமும் மற்ற பெரிய மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இடிக்கப்பட்ட திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. சுமார் 120 கி.மீ. தொலைவு, யானைகளைக் கொண்டு மலைமேல் இழுத்து வந்தார்கள். காடு சூழ்ந்த ஊருக்கு மரத்தை ஏன் கீழேயிருந்து கொண்டுவர வேண்டும்? சோலைக்காட்டு மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு வளர்பவை. நீளமான நேர் உத்தரம் அவற்றில் தேறாது. தேக்கு இந்த உயரத்தில் வளராது. இன்று ஊட்டி என்றாலே நினைவுக்கு வரும் தைல மரமோ இங்கே வந்தது 1840-களில்தான். ஆலயம் அதற்கும் முந்தியது.

அஸ்திபாரக் கல் நாட்டியவர் சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன், 1829 ஏப்ரல் 23 அன்று. அவருடைய மாமனார் ஜெனரல் ஹாரிஸ். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவர். மாமனார் வென்ற கோட்டையின் அரண்மனை மரம் மருமகன் கட்டிய ஆலயத்துக்குக் கூரையாயிற்று. யானைக் கதையைச் சுவையாகச் சொல்பவர்கள்கூட இந்த உறவைச் சொல்வதில்லை. ஆலயத்துக்கும் ஆளுநருக்கும் ஒரே பெயராக இருப்பது தற்செயல்தானா என்ற கேள்வியும் கூடவே எழும்.

அடிக்கல் நாட்டிய நாள் நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். அரசு முறையில் கொண்டாடிய பிறந்தநாள் அது. மன்னர் உண்மையில் பிறந்தது ஆகஸ்ட் 12. ஆலயம் முடிவதற்குள், 1830 ஜூனில், அவர் இறந்தும் போனார்.

வரைபடமும் கட்டுமானமும் கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட்டின் பொறுப்பு. செலவு 24,000 ரூபாய். 1830 நவம்பர் 5 அன்று பிரதிஷ்டை செய்தவர் கல்கத்தா பேராயர் ஜான் மத்தியாஸ் டர்னர். சென்னைக்கு அப்போது தனிப் பேராயர் கிடையாது, 1835இல்தான் வந்தார். பிரதிஷ்டைக்கு அடுத்த ஆண்டு, 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறன்று ஆலயத்தைப் பொது ஆராதனைக்குத் திறந்தார்கள். 1947இலிருந்து தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் இருக்கிறது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் கடைசி இராப்போஜன ஓவியமும் அழகுதான். ஆனால் கண்ணாடி வெளியே வெயில் அடித்தால்தான் பேசும். மேகம் மூடிய நாளில் அது வெறும் மங்கல்.

பின்பக்கச் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஊட்டியை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்றியேட்டாவும் மகள் ஹாரியட்டும் இங்கே அடக்கம். இருவரும் 1838இல் இறந்தவர்கள். சல்லிவன் கல்லறையையும் இங்கே தேடிச் சலித்துப் போகிறவர்கள் உண்டு. அவர் இங்கிலாந்து திரும்பி 1855இல் இறந்தார், கல்லறையும் அங்கேதான். தேய்ந்த எழுத்துகளைப் படிக்க உச்சி வெயில் உதவாது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும், தானாகத் தெரியும். அப்போதும் தெரியாவிட்டால் கைபேசி டார்ச்சைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். சாக்பீஸ் தேய்ப்பதோ பாசியைச் சுரண்டுவதோ வேண்டாம். கல்லின் மேல்தோலும் எழுத்தும் சேர்ந்தே உதிரும். மழைக்காலத்தில் சரிவு வழுக்கும், பிடிப்புள்ள காலணி அவசியம்.

ஊரின் முக்கியச் சந்திப்பான சேரிங் கிராஸிலிருந்து நடந்தே ஏறிவிடலாம். மலை உயரம் பழகாதவர்களுக்கு மூச்சு வாங்கும், மெதுவாக ஏறுங்கள். சொந்த வண்டியில் வருபவர்கள் நீலகிரிக்குள் நுழைவதற்கான ஆன்லைன் அனுமதியை (இ-பாஸ்) முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை நேரம். சுற்றிப்பார்க்க அல்ல, உட்கார்ந்து கலந்துகொள்ள வரலாம். உள்ளே படம் எடுப்பதற்கு முன் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐந்துக்கு நான்கு தரலாம். ஒன்றைக் குறைப்பது, மேலே இருப்பது என்ன மரம் என்று தெரியாமலே பாதிப் பேர் திரும்பிப் போவதற்காக.

இன்னும் அரை நாள் கையில் இருந்தால் ஏரிப் பக்கம் உள்ள புனித தாமஸ் ஆலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீபன் சர்ச்சில் இடம் போதாமல் போனபோது கட்டியது அது. சேரிங் கிராஸில் தாண்டிப்போகும் ஆடம் நீரூற்று யார் நினைவாக எழுந்ததோ, அந்த ஆளுநர் ஆடமின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.