பச்சைக் கண்ணும் ஒரு செய்தி அறையும்

ஆப்கன் பெண்களை உலகம் பார்த்த இரண்டு வழிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1985 ஜூன் நேஷனல் ஜியோகிராபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் சிறுமி. பெஷாவர் பக்கத்து அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம். அந்தக் கண்கள் உலகம் முழுக்கத் தெரியும். பெயரைத்தான் யாரும் கேட்டு எழுதவில்லை. ஷர்பத் குலா என்பது 2002-இல் அவரைத் தேடிப் பிடித்த பிறகே வெளியே வந்தது. அதுவரை அவரே அந்தப் படத்தைப் பார்த்ததில்லையாம்! தன் முகத்தை ஊரெல்லாம் பார்த்திருக்க, தான் மட்டும் பார்க்காமல் 17 வருடம்.

இரண்டாவது, ஆப்கன் பத்திரிகையாளர் ஸஹ்ரா ஜோயா 2020-இல் தொடங்கிய செய்தி நிறுவனமான ருக்‌ஷானா மீடியா. தாலிபானின் முதல் ஆட்சியில் பையன் வேடமிட்டுப் பள்ளிக்குப் போனவர் அவர். 2015-இல் கோர் மாகாணத்தில் கல்லெறிந்து கொல்லப்பட்ட பெண்ணின் பெயரைத்தான் நிறுவனத்துக்கு வைத்தார். இப்போது லண்டனிலிருந்து நடத்துகிறார். சரி, இங்கேயும் உள்நாட்டு நிருபர்கள் பெயரை மறைத்தே எழுதுகிறார்கள். ஆனால் அது உயிருக்காக அவர்களே போட்டுக்கொண்ட திரை.

படம் ஒரு நொடியில் நெஞ்சைப் பிடிக்கும், மறுக்கவில்லை. தாலிபான் பெண்களுக்குப் பள்ளிக் கதவை மூடிய மறுநாள் ஒரு ஆப்கன் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், என் ஓட்டு ருக்‌ஷானாவுக்கே.