ஃபயர்வாலில் வெப் கேஷ்: எச்டிடிபி மட்டும் போதுமா, எச்டிடிபிஎஸ்ஸும் வேண்டுமா?

ஃபயர்வாலில், கணினிகளுக்குப் பதிலாக வலைத்தளங்களிடம் கேட்டு வாங்கித் தரும் பகுதிதான் வெப் ப்ராக்ஸி. அதன் அமைப்புப் பக்கத்தில் கேஷை, அதாவது ஒருமுறை இறங்கியதைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கும் கொடுப்பதை, இயக்க ஒரு டிக் பெட்டி இருக்கும். பக்கத்திலேயே எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்து வரும் எச்டிடிபி) உள்ளடக்கத்தையும் சேமிக்கவா என்று இன்னொன்று. முதலாவதைப் போட்ட கை, 'இதையும் போட்டு வைப்போமே' என்று இரண்டாவதற்கும் போகும். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

எச்டிடிபி மட்டும் சேமித்தால் சான்றிதழ் தொல்லை இல்லை, எந்த ஆப்பும் முரண்டு பிடிக்காது. ஆனால் இன்று வலைத்தளங்கள் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வருகின்றன. சாதாரண உலாவலில் இந்தக் கேஷுக்குத் தேறுவது சொற்பம். அப்படியானால் வீணா? இல்லை. விண்டோஸ் அப்டேட் கோப்புகளும் டெபியன், உபுண்டு லினக்ஸ்களின் மென்பொருள் பொதிகளும் இன்னும் பெருமளவு எச்டிடிபியில்தான் இறங்குகின்றன. டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால் நடுவில் யாராவது மாற்றினாலும் கணினி அதை ஏற்காது. ஐம்பது கணினிகள் ஒரே கோப்பைக் கேட்கும் இடத்தில் மிச்சம் நன்றாகவே தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இயல்பு அமைப்பில் அந்த மிச்சம் கிடைக்காது. பல சாதனங்களில் உள்ளே ஓடும் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். டிஸ்கில் வைக்கும் ஒரு கோப்பின் உச்ச அளவு அதில் 4 எம்பிதான். நூற்றுக்கணக்கான எம்பி உள்ள அப்டேட் அதில் நுழையவே நுழையாது. அளவை உயர்த்தினாலும் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. விண்டோஸ் கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும், ஸ்குவிட் துண்டுகளைச் சேமிக்காது. ஸ்குவிட்டில் ரேஞ்ச் ஆஃப்செட் வரம்பு (range_offset_limit) என்ற அமைப்பைத் தளர்த்தி, துண்டைக் கேட்டாலும் முழுக் கோப்பையும் இறக்கச் சொல்ல வேண்டும். அதை எல்லாத் தளங்களுக்கும் தளர்த்திவிட்டால், யாரோ பாதியில் நிறுத்திய வீடியோவையும் முழுசாக இறக்கிக்கொண்டிருக்கும். அப்டேட் முகவரிகளுக்கு மட்டும் தளர்த்துங்கள்.

எச்டிடிபிஎஸ் கேஷின் கதை வேறு. முதலில் மறையாக்கப்பட்ட போக்குவரத்தை ஃபயர்வால் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு, ஃபயர்வாலை நம்பும்படி ஒவ்வொரு கணினியிலும் அதன் சான்றிதழை நிறுவ வேண்டும். சான்றிதழைக் கறாராகப் பொருத்திப் பார்க்கும் வங்கி ஆப்கள் அப்போதும் மறுக்கும், அவற்றுக்கு விலக்குப் பட்டியல் போட வேண்டும். பிராசசருக்கும் சுமை. இத்தனைக்கும் பிறகு கிடைப்பதில் பல, சர்வரே 'நோ-ஸ்டோர்' (சேமிக்காதே), 'பிரைவேட்' (ஒருவருக்கு மட்டும்) என்று முத்திரை குத்தி அனுப்பிய பக்கங்கள்; அவற்றைச் சேமிக்கவே கூடாது. வைரஸ் சோதனைக்காக ஏற்கெனவே பிரித்துப் பார்க்கிறீர்கள் என்றால் சரி, கேஷையும் சேர்க்கலாம். கேஷுக்காக மட்டும் பிரிப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

சில சாதனங்களில் குக்கீ (பயனரை அடையாளம் காணத் தளம் வைக்கும் சிறு குறிப்பு) உள்ள பக்கங்களையும் சேமிக்க ஒரு தேர்வு உண்டு. தொடவே தொடாதீர்கள். ஒருவருடைய உள்நுழைவுக் குக்கீ இன்னொருவர் கைக்குப் போய்விடலாம்.

ரேமா டிஸ்கா என்பதில் பெரிய விவாதம் இல்லை. அப்டேட்டுகளுக்கு டிஸ்க்தான். ஆனால் 64 பிட் ஸ்குவிட்டில் ஒவ்வொரு ஜிபி டிஸ்க் கேஷுக்கும் எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணைக்கென்றே சுமார் 14 எம்பி ரேம் போகும். 100 ஜிபி என்றால் 1.4 ஜிபி. சின்னச் சாதனத்தில் அந்த ரேமைத் தாக்குதல் கண்டறியும் பகுதிக்கு விட்டுவைப்பேன்.