அல்லித் தொட்டியில் புழு: மீனா, மருந்தா?

தொட்டியில் புழு நெளிகிறது என்றதும் கை மருந்துக்குப் போகிறது. அதற்கு முன் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, டம்ளரைத் தட்டினால் துள்ளிக் கீழே போனால் கொசுப்புழு. கமா போலச் சுருண்டிருந்தால் அதன் கூட்டுப்புழு. அடிச்சேற்றில் சிவப்பாக நெளிவது கடிக்காத பூச்சி ஒன்றின் புழு. ஹீமோகுளோபின் தரும் சிவப்பு அது. விட்டுவிடலாம், மீனுக்கு நல்ல தீனி. ஆறு காலோடு ஊரும் தும்பிக் குஞ்சு கொசுப்புழுவைத் தின்பதால் அதையும் தொட வேண்டாம்.

சரி, கொசுப்புழுதான் என்றால் என் ஓட்டு மீனுக்கு. ஆனால் எந்த மீன்? கம்பூசியா 1928-லேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது. புழு தின்பதில் கெட்டி. தவளைக்குஞ்சு, மற்ற மீன்களின் முட்டை என்று அதையும் சேர்த்துத் தின்னும் என்பதுதான் வம்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே தொட்டி நிரம்பி வழியாத வருஷம் குறைவு. வழிந்தால் இந்த மீன் நேரே வாய்க்காலுக்குப் போகும். கப்பி அவ்வளவு முரடு இல்லை, அழுக்குத் தண்ணீரையும் தாங்கும். ஆனாலும் வெளிநாட்டு மீன்தான். வயல் வாய்க்காலில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி நீந்தும், நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் சின்ன மீன் கிடைத்தால் அதை விடுங்கள். அப்லோகீலஸ் இனம், நம்மூர் மீன். புழு மூச்சு வாங்க மேலே வரும் இடத்திலேயே காத்திருக்கும்.

மருந்தில் நான் ஒத்துக்கொள்வது பிடிஐ ஒன்றைத்தான். இது ஒரு பாக்டீரியா. புழு இதைத் தின்றால் குடல் சிதைந்து ஒரே நாளில் சாகும்; மீனுக்கும் தவளைக்கும் ஒன்றும் ஆகாது. புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கும் ஐசிஎம்ஆரின் வி.சி.ஆர்.சி. என்ற கொசு ஒழிப்பு ஆய்வு மையமே இதில் பி17 என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறது. குறை இரண்டு. ஒன்று, ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பப் போட வேண்டும். இன்னொன்று, கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால் அதனிடம் பலிக்காது. வலையால் அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். மீன் வந்து சேரும்வரை சமாளிக்க இது போதும்.

அபேட் என்று நாம் சொல்லும் டெமிபாஸ் வேகமாகக் கொல்லும், ஆனால் தும்பிக் குஞ்சையும் சேர்த்து. மீன் இல்லாத தொட்டிக்கு வேண்டுமானால் சரி. மண்ணெண்ணெய் பேச்சே வேண்டாம்.

தண்ணீரை மாற்றுவது பூந்தொட்டித் தட்டுக்கும் சின்னக் கிண்ணத்துக்கும் பொருந்தும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், ஆகவே வாரம் ஒருமுறை கொட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். பெரிய தொட்டியை வடித்தால் தும்பிக் குஞ்சு போய்விடும், புதுத் தண்ணீருக்கு முதலில் வருவது கொசுதான். நீரூற்று மோட்டார் ஓடும்வரை கொசு முட்டையிடத் தயங்கும். ஆனால் ஓயாமல் தண்ணீர் தெறித்தால் அல்லிக்கு ஆகாது, கரன்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.